நம்ம மணலில் இல்லாத கல்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சங்கு, பாசிமாலை எல்லாம் வாங்கி முடித்தபிறகு, கடைசியாக ஒரு மணல் பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு போவார்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று நிறம் நிறமாக அடைத்திருக்கும். அம்மனுக்கு நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோனதால், விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று கடைக்காரர் கதை சொல்லித் தருவார். சின்ன வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். கறுப்பு உளுந்து, சிவப்பு பயறு என்று எனக்கு நானே பிரித்தும் வைத்திருந்தேன்.

ஆனால் எங்களுக்கு அது பாக்கெட் சாமான் இல்லை. ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம். கடற்கரை மணலும் முற்றத்து மணலும் எங்களுக்கு ஒன்றுதான். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடினால், கறுப்பு கறுப்பாக மீசை முளைக்கும். மணலில் கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட் என்று தெரிந்தது கல்லூரியில்தான். கூடவே ரூட்டைல், சிர்க்கான், சிலிமனைட், தேன் நிறத்தில் மோனசைட். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட்டைக் கண்டுபிடித்தார் என்ற வரலாற்றை எங்கள் பக்கம் டீக்கடையில்கூடக் கேட்கலாம். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்தக் காலத்து விளக்கு மேண்டிலுக்கு அது வேண்டும். மண்டைக்காட்டுக் கொடைக்கு எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளில் எங்கள் மணலே ஐரோப்பா போய்த் திரும்பி வந்து எரிந்ததோ என்று பாட்டா சொல்லிச் சிரிப்பார். இந்த மணலைத் தங்கம் என்பவர்களும் உண்டு, விஷம் என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு நாள் எழுதலாம்.

பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். தனிம வரிசை அட்டவணையை நடத்தும்போது ஒரு பெயர் என்னை விடாமல் துரத்தும்: மார்ட்டின் ஹைன்ரிஷ் கிளாப்ரோத். பெர்லினில் மருந்துக்கடை நடத்தியவர். பிறகு, 1810-இல், பெர்லின் பல்கலைக்கழகத்தின் முதல் வேதியியல் பேராசிரியர். 1789-இல் யுரேனியத்தையும் சிர்க்கோனியத்தையும் அடையாளம் கண்டார். சிர்க்கோனியம் அவருக்குக் கிடைத்தது இலங்கையிலிருந்து போன சிர்க்கான் கல்லில், அதாவது எங்களுக்கு அடுத்த கரையிலிருந்து போன கல்லில். 1795-இல் ரூட்டைலிலிருந்து ஒரு புது உலோகத்தைக் கண்டு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். அதற்கு நான்கு வருடம் முன்பே இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார், ஓடைக்கரைக் கறுப்பு மணலில் அதே உலோகத்தைக் கண்டிருந்தார். அந்தக் கறுப்பு மணலும் இல்மனைட்தான். 1803-இல் சீரியம். அதே வருடம் சுவீடனில் பெர்சீலியஸும் ஹிசிங்கரும் தனியாக அதைக் கண்டார்கள், அவர்கள் வைத்த பெயரே நிலைத்தது.

இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் டைட்டானியம். சிர்க்கானில் சிர்க்கோனியம். மோனசைட்டில் சீரியமும், துளி யுரேனியமும். ஒரு பெர்லின் மருந்துக்கடைக்காரர் வாழ்நாள் முழுக்கக் கையாண்ட தனிமங்களில் நான்கு எங்கள் முற்றத்தில் கிடக்கின்றன. ஐந்தாவது ஒன்று உண்டு. 1798-இல் அவர் பெயர் வைத்த டெல்லூரியம். அது மட்டும் எங்கள் மணலின் கனிமப் பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை என்ற கேள்வி ரொம்ப நாளாக மனசில் கிடந்தது. சரி, அந்த ஐந்தாவதைக் கையில் வைத்தாவது பார்ப்போம் என்று ஒரு கல் வாங்கினேன். டெட்ராடைமைட். பிஸ்மத், டெல்லூரியம், கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம். சுண்டுவிரல் நகம் அளவு. விலையை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. சீட்டில் ‘ஜுப்கோவ், ஸ்லோவாக்கியா’ என்று எழுதியிருந்தது. இந்தக் கனிமத்துக்கு 1831-இல் ஹைடிங்கர் என்ற கனிமவியலாளர் பெயர் வைத்தது அந்த ஊர்க் கல்லைப் பார்த்துத்தான். நான்கு படிகங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிப் பிறப்பதால், ‘நான்மடங்கு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார்.

சீட்டை நம்பலாமா என்பது வேறு விஷயம். கல் விற்பவர்கள் சீட்டில் எதையும் எழுதலாம். அதனால் நானே சோதித்துப் பார்த்தேன்.

முதல் பார்வைக்கு எனக்கு அது கிராஃபைட் மாதிரிதான் தோன்றியது. எங்கள் மலைப்பாறையான கோண்டலைட்டில் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும், பார்த்துப் பழகிய கண். இதுவும் சாம்பல் நிறம்தான், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழுந்தது. விரல் நகத்தால் கீறினால் கீறல் பட்டது. ஆனால் உள்ளங்கையில் வைத்ததும் சந்தேகம் வந்தது. அந்த அளவுக்கு அது கனம் அதிகம். நாகர்கோவிலில் தெரிந்த நகைக்கடையில் தராசைக் கொஞ்ச நேரம் கேட்டேன். காற்றில் 2.16 கிராம். அப்புறம் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால் 1.86. குறைந்தது 0.30. எடையை அந்தக் குறைவால் வகுத்தால் அடர்த்தி 7.2 வந்தது, அதாவது தண்ணீரைப்போல அத்தனை மடங்கு கனம். தராசு ஒரு புள்ளி பிசகினால்கூட ஆறரைக்குக் கீழே இறங்காது. கிராஃபைட்டுக்கு இரண்டேகால்தான். அதேபோலச் சாம்பல் செதிலாக இருக்கும் மாலிப்டினைட்டுக்கும் 4.7-தான். டெட்ராடைமைட்டுக்குப் புத்தகம் சொல்வது ஏழுக்கு மேல். கடைக்காரர், “பிளாட்டினமா சார்?” என்று கேட்டார். இல்லை என்றதும் தராசை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

ஓரத்தில் ஒரு செதிலை ஊசியால் நெம்பினேன். மெல்லிய தகடாகப் பிரிந்து வந்தது, புதிதாகத் திறந்த முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. வளைத்தேன், வளைந்தது, விட்டால் திரும்பவில்லை. காக்காப்பொன்னாக இருந்தால் விட்டதும் துள்ளித் திரும்பியிருக்கும். இது வளைத்தால் வளைத்தபடியே கிடக்கிற சுபாவம்.

கடைசிச் சோதனையை ஆய்வகத்தில், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செய்தேன். கடுகில் பாதி அளவு செதில், சோதனைக்குழாயில் அடர் கந்தக அமிலம், மெல்லிய சூடு. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செதிலைச் சுற்றி ஒரு புகைமாதிரி செந்நிறம் கிளம்பி, குழாய் முழுக்க நன்னாரி சர்பத் நிறத்துக்கு வந்தது. ஆறவிட்டு, தண்ணீரில் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் சிவப்பு போய்ச் சாம்பல் கலங்கல். டெல்லூரியம் இருக்கிறது என்பதற்கு இது பழைய, நல்ல சாட்சி. இந்தத் தனிமத்தை முதலில் கண்டவரே இந்தச் செந்நிறத்தைப் பார்த்துத்தான் குழம்பினார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபிரான்ஸ் யோசஃப் முல்லர், டிரான்சில்வேனியாவில் சுரங்க அதிகாரி. 1782-இல் ஒரு தங்கச் சுரங்கத்துத் தாதுவில் ஏதோ ஒரு வெள்ளை உலோகம் வந்தது. ஆன்டிமனியா, பிஸ்மத்தா? இரண்டும் இல்லை. சூடாக்கினால் வெள்ளைப் புகை, முள்ளங்கி நாற்றம். மூன்று வருடம் மாற்றி மாற்றிச் சோதித்துவிட்டு ‘புரியாத உலோகம்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார். சுவீடனுக்கு, பெரிய வேதியியலாளர் பெர்க்மனுக்கு மாதிரி அனுப்பினார். ஆன்டிமனி இல்லை என்ற அளவுக்குச் சொன்ன பெர்க்மன் 1784-இல் இறந்துபோனார். பல வருடம் கழித்துக் கிளாப்ரோத்துக்குக் கல் போய்ச் சேர்ந்தது. அவர் இது புதுத் தனிமம் என்று உறுதி செய்து, பூமி என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் டெல்லூரியம் என்று பெயரிட்டார். கண்டுபிடித்த பெருமை முல்லருக்கே என்பதையும் எழுதிவைத்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குக் கிளாப்ரோத்தைப் பிடிக்கும். இதற்கு நடுவில் ஹங்கேரியில் கிட்டைபெல் என்பவரும் 1789-இல் தனியாக இதே தனிமத்தைக் கண்டிருந்தார், மாலிப்டினைட் என்று எல்லாரும் நினைத்த ஒரு சாம்பல் தாதுவில். நான் கிராஃபைட் என்று ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வகைப்பாட்டுக்கு வருவோம். கனிமங்களை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் நாஞ்சில் நாட்டு உதாரணத்தையே எடுப்பேன். இங்கே ஒரு காலத்தில் மருமக்கள்வழி இருந்தது. யார் எந்தக் குடும்பம் என்பதை அம்மா வழியாகத்தான் கணக்கிடுவார்கள். கனிமவியலும் மருமக்கள்வழிதான். உலோகம் அப்பா என்றால், அதனிடம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிற எதிர்மின் அயனி அம்மா. குடும்பப் பெயர் அம்மா பெயர். எங்கள் இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் இருந்தாலும் அது ஆக்சைடு வீட்டுப் பிள்ளை. சிர்க்கான் சிலிகேட் வீடு. மோனசைட் பாஸ்பேட் வீடு. காலவரைட் என்று ஒரு கனிமம், ஒரு பங்கு தங்கமும் இரு பங்கு டெல்லூரியமும். அப்பா தங்கமாக இருந்தும், தங்கத்தின் பக்கத்தில் அதற்கு இடமில்லை. டெல்லூரியத்தின் வீட்டில்தான் அதன் இடம்.

டெல்லூரியத்தின் வீடு எங்கே? கந்தகத்தின் வீட்டுக்குள்ளேயே ஒரு அறை. தனிம வரிசையில் ஆக்சிஜன், கந்தகம், செலீனியம், டெல்லூரியம் எல்லாம் ஒரே பத்தியில் ஒன்றன்கீழ் ஒன்று. செலீனியமும் டெல்லூரியமும் கந்தகம் செய்கிற வேலையையே செய்வதால், சல்பைடு வகுப்பிலேயே செலினைடுகளையும் டெல்லுரைடுகளையும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் டெல்லூரியத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஆக்சிஜன் பக்கத்தில் வந்தால் அது அம்மா வேடத்தை விட்டுவிட்டு, எலக்ட்ரானைக் கொடுக்கிற பக்கம் போய் நிற்கும். அப்போது டெல்லூரைட், டெல்லூரேட் என்று வேறு குடும்பங்கள். தனியாகவும் கிடைக்கும், தங்கம் மாதிரி. பூமி ஓட்டில் தங்கத்தைப்போலவே அரிதான ஒரு தனிமம், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கனிமங்களுக்குள் புகுந்திருப்பது இப்படி வேடம் மாற்றத் தெரிந்ததால்தான். அரிதாக இருப்பவர்கள் அடக்கமாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

டெட்ராடைமைட்டின் உள்கட்டமைப்பை விளக்கப் பப்படக் கட்டு போதும். ஒரு பப்படம் என்பது ஐந்து அணு அடுக்கு: டெல்லூரியம், பிஸ்மத், நடுவில் கந்தகம், மறுபடி பிஸ்மத், டெல்லூரியம். இந்த ஐந்தும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். ஆனால் ஒரு பப்படத்துக்கும் அடுத்த பப்படத்துக்கும் நடுவே டெல்லூரியமும் டெல்லூரியமும்தான் முகம் பார்க்கும், அங்கே பிடிப்பு ரொம்பக் குறைவு. ஊசியால் நெம்பியதும் தகடாக வந்தது அந்த இடத்தில்தான். நகத்துக்குக் கீறல் விழுவதும், காகிதத்தில் கோடு போடுவதும் இதனால்தான்.

நடுவில் இருக்கும் கந்தகம் வழிதவறி வந்த விருந்தாளி இல்லை, அதற்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நாற்காலியில் செலீனியம் உட்கார்ந்தால் பெயர் கவசுலைட். டெல்லூரியமே உட்கார்ந்தால் டெல்லூரோபிஸ்மத்தைட். பப்படங்களுக்கு நடுவே வெறும் பிஸ்மத்தால் ஆன தாளைச் செருகிக்கொண்டே போனால், எத்தனை பப்படத்துக்கு எத்தனை தாள் என்பதைப் பொறுத்து சுமோயிட், பில்செனைட், ஹெட்லியைட் என்று பெயர் மாறும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பல் செதில்தான். கிட்டைபெல் பார்த்த அந்த ஹங்கேரித் தாதுவுக்கே வெர்லைட் என்று தனிப் பெயர் கொடுத்து ரொம்பக் காலம் வைத்திருந்தார்கள். கடைசியில் அது ஒரு கனிமமே இல்லை, பில்செனைட்டும் வெள்ளி டெல்லுரைடும் கலந்த கலவை என்று தெரிந்து பெயரை அடித்துவிட்டார்கள். அதனால் என் கல்லை நான் டெட்ராடைமைட் என்று சொல்வதிலும் ஒரு துணிச்சல் இருக்கிறது. அடர்த்தியும் செந்நிறமும் டெல்லூரியம் வரை கொண்டுபோய் விடும். நடு நாற்காலியில் யார் என்று பார்க்க எக்ஸ்கதிர்க் கருவி வேண்டும். அதற்கு இன்னும் ஒருவரைப் பிடிக்கவில்லை.

இதே பப்படக் கட்டு, கந்தகம் இல்லாத வடிவத்தில், பிஸ்மத் டெல்லுரைடு என்ற பெயரில் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். காரில் வைக்கிற சின்னக் குளிர்பெட்டிக்குள் இருப்பது அதுதான்.

இப்போது ஒரு பேருந்துப் பயணத்துக்கு வருகிறேன். போன மேட மாதம், தங்கை மகள் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவளுக்குக் காட்டலாம் என்று ஒரு வேலை செய்தேன். நாகர்கோவில் வீட்டில் எங்கள் ஊர் மணல் ஒரு ஊறுகாய் பாட்டிலில் இருந்தது. அதன்மேல் டெட்ராடைமைட்டை மெத்தையில் வைப்பதுபோல வைத்து மூடினேன். கிளாப்ரோத்தின் ஐந்து தனிமமும் ஒரே பாட்டிலில். யோசிக்கும்போது பிரமாதமாக இருந்தது. வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை வழியாகப் போகும் பேருந்தில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. பாட்டில் மடியில். சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் போய்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினால், கல் மேலே இல்லை. ஏழு என்ற அடர்த்தி, குலுக்கியதும் அடியில் போய்விட்டது. தட்டில் கொட்டினேன். கல் கிடைத்தது, ஆனால் பாதிதான் இருந்தது. ஓரங்கள் சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல உருண்டிருந்தன. மணலில் வெள்ளையாக இருந்த குவார்ட்ஸ் குருணைகள் ஒவ்வொன்றிலும் பென்சில் தூள் பூசியதுபோலச் சாம்பல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கார்னெட் குருணைகளில்கூட வெள்ளிக் கீற்று. மூன்று மாதச் சேமிப்பு மணலோடு மணலாகக் கிடந்தது. “மாமா, கல்லு எங்கே?” என்று அவள் கேட்க, தட்டைக் காட்டினேன்.

முதலில் என்மேலேயே எரிச்சல். பிறகு மெல்ல உறைத்தது. நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பேருந்து பதில் சொல்லியிருக்கிறது.

மணல் எங்கிருந்து வருகிறது? மேற்கு மலைப் பாறை மழையில் உளுத்து, ஆற்றில் உருண்டு, கடலில் விழுந்து, அலை அதைக் கரையில் போட்டுக் கொழிக்கிறது. எடை குறைந்ததை அலை திரும்ப இழுத்துப் போகும், எடை கூடியது கரையிலேயே தங்கும். கடற்கரையில் கறுப்பு வரி வரியாகக் கிடப்பது அதனால்தான். அதனால் கனமான கனிமம் என்றால் கரையில் சேரும் என்று எளிதாக நினைத்துவிடுகிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்மனைட் 4.7, மோனசைட் 5-க்குச் சற்று மேல், சிர்க்கான் 4.6. கனத்தில் டெட்ராடைமைட் இவை எல்லாவற்றையும் முந்தும். ஆனால் கொழிப்பதற்கு முன்னால் அரைபட வேண்டியிருக்கிறது. கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, சிர்க்கான் 7.5, இவற்றுக்குள் மென்மையான மோனசைட்கூட 5. டெட்ராடைமைட் ஒன்றரையிலிருந்து இரண்டு. ஒரு மணி நேரப் பேருந்துக்கே பாதி போனது என்றால் ஆற்றுக்கும் அலைக்கும் எவ்வளவு நேரம் தாங்கும்? அதோடு மழை வேறு. டெட்ராடைமைட் ஈரத்திலும் காற்றிலும் கிடந்தால் ஆக்சிஜனை வாங்கி, மான்டனைட் என்ற மஞ்சள் மண்போன்ற பொருளாக மெல்ல மாறும். டெல்லூரியம் வேடம் மாற்றுகிறது என்றேனே, அது இதுதான். எங்களுக்கோ வருடத்துக்கு இரண்டு பருவமழை. மலையில் எங்காவது ஒரு டெல்லுரைடு துணுக்கு இருந்திருந்தால்கூட அது கடலைப் பார்த்திருக்காது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்கூர்லியில் கதை நேர்மாறு. அங்கே வறண்ட பூமி, சுரங்கத்திலிருந்து பாறையை அப்படியே வெட்டியெடுத்தார்கள். 1893-இல் தங்க வேட்டை தொடங்கியபோது, மங்கிய மஞ்சளாக வந்த ஒரு தாதுவை ஒன்றுக்கும் உதவாத கல் என்று சாலைக் குழிகளில் போட்டு நிரப்பினார்கள். 1896 வாக்கில் அது தங்க டெல்லுரைடு என்று தெரிந்ததும் சாலையைத் தோண்டியெடுத்தார்கள் என்று சொல்வார்கள். அம்மாண்டிவிளைச் சாலையை யாரும் அதற்காகத் தோண்ட வேண்டியதில்லை, அது தானாகவே அப்படித்தான் இருக்கிறது.

தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, “என்ன மக்ளே, மண்ணை வெச்சிட்டு இருக்க?” என்றாள். சொன்னேன். உள்ளே போய்ச் சொளவை எடுத்து வந்தாள். அரிசியில் கல் பார்த்தே கை பழகியவள். “கனமான சாமானம்தானே, கொழிச்சா இந்தப் பக்கம் நிக்கும், தா” என்றாள். எனக்கும் கணக்கு அதுதான் சொன்னது: ஏழு அடர்த்தி அவள் பக்கம் தங்கும், குவார்ட்ஸ் முன்னால் போகும்.

முற்றத்துப் படியில் உட்கார்ந்து, சொளவைச் சாய்த்து, விரலால் விளிம்பைத் தட்டித் தட்டி ஆட்டினாள். மணல் பிரிய ஆரம்பித்தது. அவள் மடிப்பக்கம் கறுப்பும் சிவப்பும் ஒதுங்கின. வெள்ளை முன்னால் நகர்ந்தது. அந்த வெள்ளைக்கும் முன்னால், சொளவின் நுனியில், சாம்பலாய் ஒரு மினுக்கம். ஒரு தட்டில் அது விளிம்பைத் தாண்டி விழுந்தது.

“கனம் கனம்னு சொன்னியே, இது உமி மாதிரில்லா பறக்குது!” என்றாள் அம்மா.

உண்மைதான். உருண்டைக் குருணையாக இருந்தால் ஏழு என்ற எண் பேசும். தாளைவிட மெல்லிய தகடாகிவிட்டால் காற்றும் தண்ணீரும் எண்ணைப் பார்ப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்க்கும். காக்காப்பொன் ஆற்றில் மிதந்து போவதும் இதனால்தான். நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா இன்னும் நாலு தட்டு தட்டிவிட்டாள். மினுக்கம் எல்லாம் முற்றத்து மணலில். கோழி ஒன்று வந்து கொத்திப் பார்த்து, பிடிக்காமல் போனது.

மிச்சமிருந்த துண்டை மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து மூடினேன். தங்கை மகள் முற்றத்தில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள்: டைட்டானியம், சிர்க்கோனியம், சீரியம், யுரேனியம், டெல்லூரியம். இப்போது ஐந்தும் இருக்கிறது என்றாள். இடவப்பாதி மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.